32 கோர் இருந்தும் வேகம் ஏன் கூடவில்லை? கெர்னலுக்குள் நிற்கும் வரிசை

கேள்வி: எங்கள் சேவையை 8 கோர் சர்வரிலிருந்து 32 கோர் சர்வருக்கு மாற்றினோம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. லினக்ஸ் மல்டிடாஸ்கிங் செய்யும் இயங்குதளம்தானே, எல்லா கோர்களையும் தானாகவே பயன்படுத்திக்கொள்ளாதா? கெர்னலில் ஏதாவது வரம்பு இருக்கிறதா?

பதில்:

வரம்பு இருக்கிறது. ஆனால் அது நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. (கெர்னல் என்பது வன்பொருளை நிரல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதி. கோர் என்பது சில்லுக்குள் இருக்கும் தனி பிராசசர்.) 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கான லினக்ஸ் கெர்னலை 8,192 பிராசசர்கள் வரை கையாளும்படி அமைத்துக்கொள்ளலாம். உங்கள் 32 கோர் அதற்கு ஒரு சுமையே இல்லை. பல கோர்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். கெர்னலின் வரம்பு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த வரிசையின் நீளத்தைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மல்டிடாஸ்கிங் வேறு, மல்டிபிராசசிங் வேறு. ஒரே பிராசசரைப் பல நிரல்கள் முறை வைத்துப் பயன்படுத்துவது மல்டிடாஸ்கிங். மாற்றம் வேகமாக நடப்பதால் எல்லாம் சேர்ந்து ஓடுவதுபோல் நமக்குத் தெரிகிறது. மல்டிபிராசசிங்கில் உண்மையாகவே ஒரே கணத்தில் இரண்டு இடங்களில் கட்டளைகள் ஓடுகின்றன. முதல் வேலையை நன்றாகச் செய்யும் கெர்னலுக்கு இரண்டாவது வேலை அறவே தெரியாமல் இருக்கலாம்.

விண்டோஸின் வரலாற்றில் இது தெளிவாகத் தெரியும். விண்டோஸ் 3.1-இல் ஓடும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு முறை வரும். ஒன்று பிடிவாதமாக நின்றுவிட்டால் திரையே உறைந்துவிடும். 1995-இல் வந்த விண்டோஸ் 95, 32-பிட் நிரல்களிடமிருந்து பிராசசரைத் தானே பறித்து மற்றவற்றுக்குக் கொடுத்தது. ஆனால் ஜன்னல் வரையும் வேலையில் பெரும்பகுதி பழைய 16-பிட் நிரலாகவே இருந்தது. அதற்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்று ஒரு பொதுப் பூட்டைப் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டைப் பிடித்தபடி ஒரு பழைய நிரல் செயலிழந்தால், திரையில் எதையாவது வரைய வேண்டிய மற்ற நிரல்களும் காத்துக் கிடக்கும். அந்தக் குடும்பத்து விண்டோஸ்கள், அதாவது 95, 98, எம்இ மூன்றும், கணினியில் இரண்டாவது பிராசசரைப் பொருத்தினால் அதைத் தொடவே தொடாது. அதே நிறுவனம் 1993-இலேயே வெளியிட்ட விண்டோஸ் என்டி முதல் நாளிலிருந்தே பல பிராசசர்களில் ஓடியது. கெர்னலை முதலில் எந்த அனுமானத்தின் மீது கட்டுகிறோம் என்பதுதான் வேறுபாடு. வணிக வரம்புகளும் உண்டு: எக்ஸ்பி ஹோம் பதிப்பு ஒரே ஒரு பிராசசர் சில்லைத்தான் ஏற்கும், ஆனால் அது உரிமத்தில் போட்ட வேலி, தொழில்நுட்பத்தின் குறை அல்ல.

அந்த அனுமானம் என்ன என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். பழைய யூனிக்ஸ் கெர்னலில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது: ஒரு நிரல் கெர்னலுக்குள் நுழைந்துவிட்டால், தானாகத் தூங்கப் போகும்வரை அல்லது வெளியேறும்வரை வேறு எந்த நிரலும் உள்ளே வராது. உடனே கவனிக்கச் சொல்லி வன்பொருளிடமிருந்து வரும் குறுக்கீடான இன்டரப்ட் மட்டும் இடையில் புகலாம். அதையும் தேவையான இடத்தில் சற்று நேரம் நிறுத்தி வைத்துவிடலாம். ஆகவே கெர்னல் எழுதியவர்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் நிம்மதியாக எழுதினார்கள்.

இப்போது கெர்னலுக்குள் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அதில் ஒன்றைக் கூட்டுவது நமக்கு ஒரு வரி. பிராசசருக்கு மூன்று படிகள்: நினைவகத்திலிருந்து எண்ணை எடு, ஒன்றைச் சேர், திரும்ப எழுது. கணக்கு 5-இல் இருக்கும்போது இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டும் 5 என்று படிக்கின்றன, இரண்டும் 6 என்று எழுதுகின்றன. இருப்பவர்கள் ஏழு பேர், ஏட்டில் ஆறு பேர். பிறகு ஒவ்வொருவராக மூடிக்கொண்டே வரும்போது, கடைசி ஆள் இன்னும் படித்துக்கொண்டிருக்கையிலேயே கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். யாரும் இல்லை என்று நம்பி கெர்னல் அந்த நினைவகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதன் விளைவு எங்கோ, எப்போதோ, தொடர்பே இல்லாத இடத்தில் வெடிக்கும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் வராது. கெர்னலில் இப்படிப் பிழை வரக்கூடிய இடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

லினக்ஸ் இதே நிலையிலிருந்துதான் கிளம்பியது. 1991-இல் அது ஒற்றை பிராசசர் கணினிக்காக எழுதப்பட்டது. பல பிராசசர் ஆதரவு 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில் சேர்ந்தது. அந்த வேலையை முன்நின்று செய்தவர் ஆலன் காக்ஸ். ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நாளில் திருத்த முடியாது. எனவே கெர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பூட்டைப் போட்டார்கள். அதற்குப் பெயரே ‘பிக் கெர்னல் லாக்’, பெரும்பூட்டு. கெர்னலுக்குள் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பிராசசர்தான் இருக்கும். பழைய அனுமானம் அப்படியே காப்பாற்றப்பட்டது. ஒரு வரியையும் திருத்தாமல் பழைய நிரல் சரியாக ஓடியது.

இந்த முடிவைக் குறைசொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகச் சரியான முடிவாகவே படுகிறது. வெறும் கணக்குப் போடும் நிரல்கள் கெர்னலுக்குள் வருவதே அரிது. அவற்றுக்கு இரண்டு பிராசசர் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு வேகம் அன்றைக்கே கிடைத்தது. அடிபட்டவை வலை சர்வர், கோப்பு சர்வர் போன்றவை. அவற்றின் வேலையில் பெரும்பகுதி கெர்னலுக்குள்தான் நடக்கிறது. பிணையத்திலிருந்து படி, கோப்பைத் திற, அனுப்பு, மூடு. நான்கும் கெர்னல் வேலை. ஆக நான்கு பிராசசர் போட்டாலும் மூன்று வாசலில் நின்றன.

1999-இல் வந்த 2.2, 2001-இல் வந்த 2.4 ஆகிய பதிப்புகளில் பெரும்பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். பிணையத்துக்குத் தனி, நினைவகத்துக்குத் தனி, கோப்பு அமைப்புக்குத் தனி. 2003 டிசம்பரில் வந்த 2.6-இல், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரும் மாறியது. அதுவரை ஓடக் காத்திருக்கும் நிரல்கள் அனைத்தும் ஒரே பட்டியலில், ஒரே பூட்டின் கீழ் இருந்தன. அடுத்து யார் என்று முடிவு செய்ய ஒவ்வொரு கோரும் அந்த ஒரே பட்டியலுக்கு வர வேண்டும். இங்கோ மோல்நார் எழுதிய புதிய ஷெட்யூலர் ஒவ்வொரு கோருக்கும் தனிப் பட்டியல் கொடுத்தது.

ஆனாலும் பெரும்பூட்டின் கடைசிப் பகுதி லேசில் போகவில்லை. அதற்கு இரண்டு விசித்திர குணங்கள் இருந்தன. பூட்டைப் பிடித்தவரே மறுபடியும் அதைப் பிடிக்கலாம். பிடித்தபடி தூங்கிவிட்டால் கெர்னல் தானாக அதை விடுவித்து, விழித்ததும் தானாகத் திரும்பப் பிடித்துக் கொடுக்கும். கேட்பதற்கு வசதியாக இருக்கிறது. ஆனால் ஒரு நிரல்துண்டைப் படிக்கும்போது இந்தப் பூட்டு எதைக் காக்கிறது, எங்கே காப்பு விட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டால், எழுதியவராலேயே உறுதியாகப் பதில் சொல்ல முடியாத நிலை. 2008-இல் ஒரு சோதனையில் வேகம் 40 சதவீதம் சரிந்தது. தேடிப் பார்த்தால், பூட்டுகளுக்கு அடியில் இருக்கும் செமஃபோர் என்ற கருவியைத் திருத்தி எழுதியதுதான் காரணம். பெரும்பூட்டு அப்போது அந்தக் கருவியின் மேல் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் மறந்திருந்த பூட்டு இன்னும் எத்தனை பேரை வரிசையில் நிறுத்தியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பிறகு முனைந்து ஒவ்வொரு இடமாகக் களைந்தார்கள். 2011 மே மாதம் வந்த 2.6.39-இல், ஆர்ண்ட் பெர்க்மன் அதைக் கெர்னலிலிருந்து முழுமையாக நீக்கினார். போட்டது 1996, எடுத்தது 2011. தற்காலிகமாகப் போட்ட ஒரு பூட்டுக்கு 15 ஆண்டுகள்.

மற்றவர்களும் இதே பாதையில்தான் வந்தார்கள். யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் பெரும்பூட்டுக்குப் பெயர் ‘ஜயன்ட்’. மேக் ஓஎஸ் எக்ஸில் கெர்னலுக்குள் போக இரண்டே வழிகள், பிணையத்துக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று என்று 2005 வரை இருந்தது. முதல் நாளிலிருந்தே பல பிராசசர்களுக்காகக் கட்டிய விண்டோஸ் என்டியிலும் ஷெட்யூலருக்கு ஒரே பூட்டு என்ற நிலை விண்டோஸ் 7 வரும்வரை நீடித்தது.

சரி, பெரும்பூட்டு போய்விட்டது, எல்லாம் சின்னப் பூட்டுகள், இனி என்ன தடை? இங்கேதான் விஷயம் சுவையாகிறது: பூட்டுக்கே ஒரு விலை இருக்கிறது.

கோர்கள் நினைவகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. தங்களுக்கு அருகில் உள்ள கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தில் நகல் வைத்து வேலை செய்கின்றன. நகல் 64 பைட் துண்டுகளாக வரும். ஒரு துண்டில் ஒரு கோர் எழுத வேண்டுமானால், மற்ற கோர்களிடம் இருக்கும் அதே துண்டின் நகல்கள் செல்லாதவையாக வேண்டும். பூட்டு என்பதும் நினைவகத்தில் இருக்கும் ஒரு எண்தான். அதைப் பிடிப்பதும் விடுவதும் எழுதும் வேலை. ஆகவே பூட்டு கைமாறும்போதெல்லாம் அந்த 64 பைட்டும் சில்லின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, இரண்டு சில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் போகிறது. பூட்டுக்குள் செய்யும் வேலை பத்துக் கட்டளைகள் என்றால், இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு.

வங்கியில் டோக்கன் வாங்கி உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் 2.6.25-இல் வந்த டிக்கெட் பூட்டு அதே முறைதான். வருபவர் ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறார். ‘இப்போது அழைக்கப்படும் எண்’ என்ற பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பு வலுத்தவர் முந்திக்கொண்டார்; இதில் வந்த வரிசைப்படி எல்லோருக்கும் முறை வரும். குறை என்னவென்றால் எல்லோரும் பார்ப்பது ஒரே பலகையை. எண் மாறும்போதெல்லாம் காத்திருக்கும் ஒவ்வொரு கோரும் பலகையின் புது நகலைக் கேட்டு மொய்க்கிறது. 4 பேர் காத்திருந்தால் பரவாயில்லை. 40 பேர் காத்திருந்தால், அடுத்து உள்ளே போக வேண்டியவருக்கே தகவல் தாமதமாக வருகிறது. கூட்டம் கூடக்கூட பூட்டு கைமாறும் நேரமும் கூடுகிறது. அதனால்தான் ஒரு எல்லைக்குப் பிறகு கோர்களைச் சேர்த்தால் வேகம் நின்றுவிடுவது மட்டுமல்ல, குறையவும் செய்கிறது. 2015-இல் வந்த 4.2 பதிப்பில் இந்தப் பூட்டை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரும் தனக்கென உள்ள இடத்தையே பார்த்துக் காத்திருக்கிறார். வேலை முடித்து முன்னால் செல்பவர் அடுத்தவரின் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்.

2010-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 48 கோர் கணினியில் லினக்ஸை வைத்து ஏழு நிரல்களைச் சோதித்தார்கள். எக்ஸிம் என்ற மின்னஞ்சல் சர்வர் ஒரு எல்லைக்கு மேல் சரிந்தது. காரணம் ஒரே ஒரு பூட்டு. கோப்பின் பெயரைக் கொடுத்துத் திறக்கும்போதெல்லாம், எந்த வட்டு கோப்புறைகளின் எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது (மவுன்ட்) என்ற அட்டவணையைக் கெர்னல் பார்க்கிறது; அதைக் காக்கும் பூட்டு அது. அட்டவணை மாறுவதே அரிது. எல்லோரும் வருவது படிக்கத்தான். ஆனாலும் படிக்க வரும் ஒவ்வொருவரும் பூட்டில் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோருக்கும் அட்டவணையின் தனி நகலைக் கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. இப்படிப் பல இடங்களைச் சேர்த்து அவர்கள் மாற்றியது சுமார் 3,000 வரிகள்தான். கெர்னலின் அமைப்பையே தூக்கியெறிய வேண்டும் என்ற பேச்சு அன்று பலமாக இருந்தது. 48 கோர் வரை அதற்கு அவசியமில்லை என்று அந்தச் சோதனை காட்டியது.

‘படிப்பவர் எழுத வேண்டியிருக்கிறது’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல கோர் சிக்கல்களில் பாதிக்கு இதுவே வேர். இதற்கு வந்த மிக அழகான தீர்வு, 2002-இல் லினக்ஸில் சேர்ந்த ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட், அதாவது படி, நகலெடு, புதுப்பி). பால் மெக்கென்னி முதலானோர் 1990-களில் சீக்வென்ட் நிறுவனத்தின் யூனிக்ஸுக்காக உருவாக்கிய வழி அது. படிப்பவர் எந்தப் பூட்டையும் தொடுவதில்லை. மாற்ற வேண்டியவர் பழைய தரவைத் தொடாமல் புது நகல் ஒன்றை எழுதி, தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியை மட்டும் புதியதற்குத் திருப்பிவிடுகிறார். பழையதை உடனே அழிக்காமல், அதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் முடித்துவிட்டார்கள் என்று உறுதியாகும்வரை காத்திருக்கிறார். இன்றைய லினக்ஸில் இந்த வழி இல்லாத பகுதியைத் தேட வேண்டும்.

ஆனால் எல்லாத் தரவும் படிக்க மட்டுமே இருப்பதில்லை. உங்கள் சேவைக்கு மிக நெருக்கமான இடம் ஒன்றைச் சொல்கிறேன்: ஒரு நிரலின் நினைவக வரைபடம், அதாவது அதன் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்ற குறிப்பு. ஒரு நிரலுக்குள் எத்தனை இழைகள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகள், ‘த்ரெட்’) ஓடினாலும் வரைபடம் ஒன்றுதான். அதற்குப் பூட்டும் நெடுங்காலம் ஒன்றுதான். நினைவகத்தின் சிறு துண்டான புதுப் பக்கம் ஒன்றை முதல் தடவை தொட்டாலே அந்தப் பூட்டைப் படிப்பவராகப் பிடிக்க வேண்டும். 2023-இல் வந்த 6.4 பதிப்புதான் வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு கொடுத்து இதைத் தளர்த்தியது. வரைபடத்தையே மாற்றுவதென்றால் இன்றும் பொதுப் பூட்டுதான். நீக்கும்போது இன்னொரு செலவும் சேரும்: பழைய முகவரிகளை மறந்துவிடும்படி, அந்த நிரலின் இழைகள் ஓடும் கோர்களுக்கெல்லாம் இன்டரப்ட் அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் இதில் சிக்கி இரண்டு வாரம் தவித்திருக்கிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு சிறு கோப்பை நினைவகத்தில் வரைபடமாக்கி, படித்து, உடனே நீக்கும் சேவை அது. கோப்பு சில கிலோபைட் இருக்கும். 16 இழைகள் வரை நன்றாக ஓடியது. புது சர்வரில் 48 இழைகள் கொடுத்ததும் பழையதைவிட மெதுவானது. வட்டில் குறையா, பிணையத்தில் குறையா என்று தேடிக்கொண்டே இருந்தோம். கடைசியில், பிராசசர் நேரம் எந்த நிரல்துண்டில் செலவாகிறது என்று காட்டும் ‘பெர்ஃப் டாப்’ கருவியை ஓட்டியபோது, மேலே இருந்த வரிகளில் எங்கள் நிரலின் பெயரே இல்லை. பூட்டுக்குக் காத்திருப்பதும், முகவரிகளை மறக்கச் சொல்லி இன்டரப்ட் அனுப்புவதுமாகவே திரை நிறைந்திருந்தது. ஒவ்வொரு இழைக்கும் ஒரு தாங்கல் இடத்தை நிரந்தரமாக ஒதுக்கி, கோப்பைச் சாதாரணமாகப் படிக்கும்படி இருபது வரி மாற்றினோம். அன்று மாலையே சரியாகிவிட்டது.

உங்கள் எண்ணுக்கு வருகிறேன். 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். வேலையில் எந்தப் பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டுமோ, அந்தப் பங்கு கோர்களால் குறைவதில்லை. அந்தப் பங்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 8 கோரில் ஒற்றைக் கோரைப்போல 4 மடங்கு வேகம் கிடைக்கும். 32 கோரில் 6 மடங்கு. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றரை. நீங்கள் சொன்ன அதே எண். இதை மட்டும் வைத்து உங்கள் சர்வரில் 14 சதவீதம் வரிசையில் நிற்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒன்றரை மடங்குக்கு வந்து நிற்க, கெர்னல் மோசமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏழில் ஒரு பங்கு வேலை வரிசையில் நடந்தால் போதும். அந்தப் பங்கு கெர்னலில் இருக்கலாம், உங்கள் நிரலின் பூட்டிலும் இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். முதலில், பிராசசர் விவரங்களைக் காட்டும் ‘எல்எஸ்சிபியு’ (lscpu) கட்டளையில் அந்த 32 உண்மையான கோர்களா, அல்லது 16 கோர்கள் இரட்டையாகக் காட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். இரட்டை என்றால் உங்கள் எதிர்பார்ப்பையே திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே கோரைப் பகிரும் இரண்டு இழைகள் இரண்டு கோர்கள் ஆகா. கோர் அதிகமுள்ள சில்கள் பெரும்பாலும் குறைந்த கடிகார வேகத்தில் ஓடும் என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் முழுச் சுமையில் ‘டாப்’ திரையைத் திறந்து, நிரலின் நேரம், கெர்னலின் நேரம், சும்மா இருக்கும் நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும் நேரம் அதிகம் என்றால், இழைகள் உங்கள் நிரலின் பூட்டிலோ தரவுத்தளத்திலோ தூங்குகின்றன. கெர்னல் நேரம் அதிகம் என்றால் ‘பெர்ஃப் டாப்’ ஓட்டி, பட்டியலின் தலையில் ‘ஸ்பின் லாக் ஸ்லோபாத்’ என்று முடியும் பெயர் வருகிறதா, அதை அழைத்தது யார் என்று பாருங்கள். நிரலின் நேரமே அதிகமாக இருந்து பயன் மட்டும் கூடவில்லை என்றால், இரண்டு சில்களுக்கு இடையே தரவு போய்வருகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இவை எதையும் மாற்றுவதற்கு முன்பு இன்னொரு எளிய சோதனை: 32 இழைகள் கொண்ட ஒரே நிரலாக ஓட்டுவதற்குப் பதில், 8 இழைகள் கொண்ட நான்கு தனி நிரல்களாக ஓட்டி, ஒவ்வொன்றையும் எட்டு கோர்களோடு கட்டிவையுங்கள். வேகம் சட்டென்று உயர்ந்தால், சிக்கல் ஒரே நிரலின் இழைகள் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. நினைவக வரைபடத்தின் பூட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள். உயரவில்லை என்றால், நான்கு நிரல்களும் சேர்ந்து தொடும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: ஒரே பதிவுக் கோப்பில் எல்லோரும் எழுதுகிறார்களா என்பதிலிருந்து.